"முதல்ல போறேன், பாட்டி": சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு எந்த வழி?

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தின் பக்கத்து அறையில் மூன்று ஆண்டாகச் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை. ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை 17 பிள்ளைகள். பெரும்பாலோர் மலாய்வழித் தேசியப்பள்ளியில் படிக்கிறார்கள், நான்கு பேர் சீனப்பள்ளியில். அப்பா அம்மா தமிழ் தெரிந்தவர்கள்தாம். ஆனால் பிள்ளைகளிடம் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்த ஒரு பேச்சு. அடுத்த ஆண்டு வகுப்பை எப்படி நடத்துவது என்று நாங்கள் ஆறு பேர் இரண்டு மாதமாகப் பேசினோம். தமிழ்ப்பள்ளிப் பாடநூலையே பிடித்துக்கொள்வது, விழாவையும் கலையையும் வைத்து நடத்துவது, தமிழ்நாட்டிலிருந்து இணையம் வழியாக ஆசிரியர் வைத்துக்கொள்வது, பிள்ளைகளின் வீட்டையும் தெருவையும் பாடமாக்குவது என்று நான்கு வழிகள். நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தவர்கள் நாங்கள். இதே யோசனையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு இன்னும் ஏழு வயது ஆகவில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது என்றால் அங்கே சேருங்கள். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆறு ஆண்டு, நாள்தோறும் தமிழிலேயே பாடம் கேட்கும் பிள்ளைக்குக் கிடைப்பதை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் எந்த வகுப்பாலும் கொடுக்க முடியாது. தேசியப்பள்ளியில் ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்களா? அப்படியானால் 1996 கல்விச் சட்டத்தை நினைவில் வையுங்கள். ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்க வசதி செய்து தர வேண்டும் என்று அது சொல்கிறது. 15 பெயரைச் சேர்ப்பது கஷ்டம்தான், ஆனால் கேட்காத இடத்தில் யாரும் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை. இந்த இரண்டும் கைகூடாதவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

நான்கு வழிகளையும் எதை வைத்து எடைபோடுவது? எனக்கு அந்தத் தராசு கிடைத்தது ஒரு பாட்டி வீட்டு வாசலில்.

போன ஆண்டு ஒரு மாலை, வகுப்பில் படிக்கும் ஒன்பது வயதுப் பையனின் பாட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். செந்தூல் பாசாருக்குப் பின்னால் அடுக்குமாடியில் ஏழாவது மாடி. பையனை அழைத்துப்போக அம்மா கீழே காடியில் (காரில்) காத்திருந்தார். அவன் பையை மாட்டிக்கொண்டு, சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டே, "பாட்டி, நான் முதல்ல போறேன்" என்றான். பாட்டியின் முகம் சுண்டிவிட்டது. தாத்தா தவறி ஓராண்டுகூட ஆகவில்லை. "அப்படிச் சொல்லாதடா சாமி. போயிட்டு வரேன்னு சொல்லு" என்றார். பையன் குழம்பிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஆனா டீச்சர், நான் இன்னைக்குத் திரும்பி வரமாட்டேனே?"

அவன் மலாயில் நினைத்திருக்கிறான். மலாயில் "பாலிக் டூலு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்ல மரியாதை. நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் முந்திக் கிளம்புகிறேன், மன்னியுங்கள் என்ற பணிவு அதில் உண்டு. அந்தப் பணிவைத்தான் பையன் தமிழுக்குக் கொண்டுவந்தான். எழுவாய் சரி, பயனிலை சரி, உச்சரிப்பும் சரி. தேர்வுத்தாளில் முழு மதிப்பெண் வாங்கும் வாக்கியம். பாட்டியின் காதில் மட்டும் வேறு மாதிரி விழுந்துவிட்டது.

மொழிக் கல்வி ஆராய்ச்சி அறுபது ஆண்டாகச் சுற்றிச் சுற்றி வருவது இந்த வாசலைத்தான் என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. இலக்கணப் பிழையில்லாமல் வாக்கியம் அமைக்கத் தெரிந்தால் மட்டும் மொழி தெரிந்ததாகிவிடாது, யாரிடம் எப்போது எதைச் சொல்வது என்ற அறிவும் சேர்ந்ததுதான் மொழித்திறன் என்று டெல் ஹைம்ஸ் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1960களிலேயே வாதிட்டார். 1980இல் கனடாவில் மைக்கேல் கனாலும் மெரில் ஸ்வெய்னும் அதை வகுப்பறைக்கு ஏற்ற வடிவத்தில் பிரித்துக் கொடுத்தார்கள். 1993இல் கிளேர் கிராம்ஷ் இன்னும் ஒரு படி மேலே போனார். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்ற நான்குக்கும் பின்னால் ஐந்தாவது திறனாக ஒட்டவைக்கும் சங்கதி இல்லை பண்பாடு, முதல் நாளிலிருந்தே அது பின்னணியில் இருந்துகொண்டே இருக்கிறது என்றார். "போயிட்டு வரேன்" என்பதில் எது மொழி, எது பண்பாடு என்று பிரிக்கப் பாருங்கள். பிரிக்க வராது.

ஆகவே என் தராசு இது: எந்த வழியில் போனால் அந்தப் பையன் பாட்டியிடம் சரியாக விடைபெறுவான், ஏன் அப்படிச் சொல்கிறோம் என்றும் அவனுக்குத் தெரியும்?

பாடநூல் வழியிலிருந்து தொடங்குகிறேன். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் இந்த நாட்டில் தமிழ்க் கல்விக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிகளில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் இல்லையென்றால் நான் இன்று இதைத் தமிழில் எழுதியிருக்க மாட்டேன். தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் வரிசை இருக்கிறது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து, எந்த ஆண்டில் எந்த இலக்கணம் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழ் எடுக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதைத் தவிர வேறு சாலை கிடையாது. வீட்டில் தமிழே புழங்காத பிள்ளைக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு போல இருக்கிறது.

பண்பாடு இந்தப் பாடத்திட்டத்தில் எங்கே வருகிறது என்றால், "செய்யுளும் மொழியணியும்" என்ற பகுதியில். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், திருக்குறள், மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி, பழமொழி எல்லாம் ஆண்டுவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். தமிழ்ப்பள்ளியில் நாள் முழுதும் தமிழ் கேட்கும் பிள்ளைக்கு இவை பேச்சோடு கலந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்குக் கலக்கவில்லை. இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள் என்று கோடு போட்டு மனப்பாடம் செய்தார்கள், அடுத்த சனிக்கிழமை மறந்தார்கள். ஒரே ஒரு தொடர்தான் தங்கியது. "கம்பி நீட்டுதல்" என்பதைப் படித்த அன்று, வகுப்பு முடிந்து மேசை நாற்காலி அடுக்கும்போது ஒருவன் நழுவிவிட்டான். "டீச்சர், அவன் கம்பி நீட்டிட்டான்!" என்று ஒரு பெண் கத்தினாள். அதன்பின் வாராவாரம் யாராவது கம்பி நீட்டிக்கொண்டே இருந்தார்கள். மற்றத் தொடர்கள் தாளில் கிடக்க இது மட்டும் நாக்கில் ஏறியதற்குக் காரணம், அதைச் சொல்ல ஒரு சமயம் வாய்த்ததுதான்.

இன்னொரு சிக்கல், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. 1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன், அரபு, கிரேக்கம் போன்ற மொழிகளில் உயர்வழக்கும் பேச்சுவழக்கும் தனித்தனியே வாழ்வதை விளக்கி எழுதினார். அந்த விளக்கம் தமிழுக்கு அச்சாகப் பொருந்தும். பாடநூல் "சென்று வருகிறேன்" என்று கற்றுக்கொடுக்கிறது. அதைப் பையன் பாட்டியிடம் சொன்னால் பாட்டி சிரிப்பார், நாடகத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்பார். பக்கத்துச் சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னது இதனால்தான். நம் ஊரில் பல ஆசிரியர்களுக்கு இன்னும் தயக்கம். பேச்சுத் தமிழை வகுப்பில் விட்டால் மொழி கெட்டுப்போகும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தின் பின்னால் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் தமிழ் பேசாத பிள்ளையிடம் கெட்டுப்போக என்ன இருக்கிறது? அவனுக்கு முதலில் பேச்சு வேண்டும்.

கணக்கையும் பாருங்கள். ஆண்டுக்கு 40 சனிக்கிழமை, இரண்டு மணி நேரம் என்றால் 80 மணி நேரம். கனடாவில் குடியேறிய பிள்ளைகள் ஆங்கிலம் கற்றதை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், பேச்சுப் பழக்கம் சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடுகிறது, பாடம் படிக்கும் அளவுக்கான மொழி வர ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கிறது என்று காட்டினார். அதுவும் அந்த மொழியிலேயே பள்ளி முழுதும் நடக்கும் நாட்டில். 80 மணி நேரத்தில் செய்யுளையும் இலக்கணத்தையும் பேச்சையும் ஒன்றாக எட்டிப் பிடிக்க முடியாது. எதையாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, விழா வழி. பெற்றோருக்கு மிகவும் பிடித்தது இதுதான். பொங்கலுக்குக் கோலம், தைப்பூசத்துக்குக் காவடிப் படம், தீபாவளிக்கு விளக்கு. பிள்ளைகள் ஓடி வருகிறார்கள், படம் அழகாக வருகிறது, குடும்பக் குழுவில் பகிர்கிறோம். ஆர்வத்தைக் கிளப்ப இதற்கு ஈடு கிடையாது; இரண்டு பிள்ளைகள் வகுப்பில் சேர்ந்ததே பொங்கல் கொண்டாட்டத்தைப் பார்த்துத்தான்.

ஆனால் ஒருநாள் வாழை இலைப் பாடம் நடத்தினோம். பச்சைத் தாளில் இலை வெட்டி, சோறு, சாம்பார், அப்பளம் எல்லாம் வண்ணத் தாளில் ஒட்டினார்கள். ஒன்றரை மணி நேரம். நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், அந்த நேரத்தில் ஒரு பிள்ளை சராசரியாகப் பேசிய தமிழ்ச் சொற்கள் பத்துக்கூடத் தேறவில்லை. பசை கேட்டதும் கத்தரிக்கோல் கேட்டதும் ஆங்கிலத்தில். அமெரிக்காவில் 1996இல் வெளியான அயல்மொழிக் கல்வித் தர வரையறையில் பண்பாட்டை மூன்றாகப் பார்க்கிறார்கள்: பொருள், வழக்கம், அவற்றின் பின்னால் இருக்கும் பார்வை. எங்கள் வாழை இலையில் பொருள் மட்டும் இருந்தது. பந்தியில் உட்கார்ந்து "ரசம் கொஞ்சமா ஊத்துங்க", "போதும், போதும்" என்று சொல்லும் வழக்கம் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடிக்கிறோமே, துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிக்கிறோமே, அந்தப் பார்வையும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடைகளுக்கு எல்லா இனத்தாரும் வருகிறார்கள், இலையும் அப்பளமும் யாருக்கும் புதிதில்லை. நம் பிள்ளைக்கு அதற்கு மேல் ஒன்று தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் சங்கடமான விஷயம். 17 பேரில் மூன்று பேர் கிறிஸ்தவர், இரண்டு பேர் முஸ்லிம். தைப்பூச வாரத்தில் அந்த ஐந்து பேரும் சொந்த வகுப்பிலேயே விருந்தாளி ஆகிவிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து வரும் கஞ்சியை அந்த வீட்டில் "நோன்புக் கஞ்சி" என்றுதான் சொல்கிறார்கள், நல்ல தமிழில். அது எங்கள் விழாப் பட்டியலில் இருக்கவில்லை. பண்பாட்டை விழா என்று சுருக்கினால், யாருடைய விழா என்ற கேள்வி உடனே எழுந்துவிடுகிறது.

இணைய ஆசிரியர் வழியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நமக்குக் காலை பத்து மணி என்றால் தமிழ்நாட்டில் ஏழரை, ஆகவே நேரம் ஒத்துவரும். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது. எல்லாவற்றையும்விட, அந்த ஆசிரியருக்கு மலாய் தெரியாது என்பதால் பிள்ளை தமிழில் பேசியே ஆக வேண்டும். இந்த ஒன்றை நாங்கள் எவ்வளவு முயன்றாலும் வகுப்பில் கொண்டுவர முடியவில்லை, எங்களுக்குப் புரியும் என்று பிள்ளைகளுக்குத் தெரியுமே.

இடறியது வேறு இடத்தில். ஒரு பையன், "தாத்தா எனக்கு அஞ்சு வெள்ளி குடுத்தாரு" என்றான். திரையில் இருந்த ஆசிரியை, "வெள்ளிக் காசா? இல்ல அஞ்சு வெள்ளிக்கிழமையா?" என்று அன்பாகத்தான் கேட்டார். நாம் ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்வது அவருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு நாள் ஒரு பெண், "எங்க பாட்டி தோட்டத்துல பொறந்தாங்க" என்றபோதும் இதே கதை. அவருக்குத் தோட்டம் என்றால் பூந்தோட்டம், நமக்கு ரப்பர்த் தோட்டம். இரண்டு பிள்ளைகளும் தங்கள் தமிழ் தப்பு என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். அது எனக்கு மிகவும் வலித்தது. முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய ஊர் கோலாலம்பூர். 1966இல், தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்த காலம் அது. இந்த ஊர்த் தமிழ் பேசுகிற பிள்ளை எவர் முன்னாலும் கூசி நிற்கத் தேவையில்லை.

மைக்கேல் பைரம் 1997இல் எழுதியது இங்கே எனக்குக் கைகொடுத்தது. மொழி கற்பவர் அந்த மொழியின் தாயகத்தில் பிறந்தவரைப் போலவே ஆக வேண்டும் என்ற இலக்கே தவறு என்றார் அவர். இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே நின்று, இதை அதனோடு வைத்துப் பார்த்து, புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரு பக்கமும் பேசத் தெரிந்தவராக ஆவதே இலக்கு என்பது அவர் கட்சி. எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே மூன்று மொழிக்கு நடுவில்தான் நிற்கிறார்கள். சென்னைப் பிள்ளையோடு ஒப்பிட்டால் அவர்களிடம் குறை தெரியும். பைரம் சொன்ன இடத்தில் வைத்துப் பார்த்தால் பாதி வழி வந்தவர்கள்.

இப்போது நான்காவது வழி, வீட்டு வழி. இதைப் பற்றி அதிகம் எழுதப் போகிறேன், மனம் அதில் இருப்பதால்.

இதற்கான விதை அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் நடந்த ஒரு வேலையிலிருந்து கிடைத்தது. லூயிஸ் மோல் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1992இல் அதை எழுதினார்கள். மெக்சிக்கக் குடும்பங்களின் வீடுகளுக்குப் பள்ளி ஆசிரியர்களே போனார்கள். பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்று பட்டியல் போட இல்லை, அந்த வீட்டில் என்னவெல்லாம் தெரியும் என்று கற்றுக்கொள்ளப் போனார்கள். விவசாயம், பழுதுபார்ப்பு, மூலிகை, வணிகம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறிவுச் சேமிப்பு இருந்தது. ஒரு பையன் மெக்சிக்க மிட்டாய் விற்பதை ஆசிரியர் கவனித்தார். அதை வைத்தே பாடம் அமைந்தது. ஒரு தாய் வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினார்.

இதைப் படித்துவிட்டுத்தான் நான் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். அந்த ஏழாவது மாடிக்குப் போனதும் அப்படித்தான். எட்டு வாரம் சோதனையாகச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள், அதில் மூன்று கேள்வி. வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் தமிழில் கேட்டு, பதிலில் தனக்குத் தெரியாத ஒரு சொல்லையாவது பிடித்துக்கொண்டு வர வேண்டும். முதல் தாளில் இருந்த கேள்விகள்: சின்ன வயதில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? எழுந்ததும் என்ன செய்வீர்கள்? உங்களை யார் எழுப்பினார்கள்?

அடுத்த சனிக்கிழமை ஒரு பத்து வயதுப் பெண் கொண்டுவந்த சொல் "பெரட்டு". அவளுக்கு எழுதத் தெரியவில்லை. "பெறடு" என்று எழுதியிருந்தாள். பாட்டி சொன்னதை அப்படியே சொன்னாள். விடியுமுன் இருட்டில் எல்லாரும் வந்து வரிசையாக நிற்பார்கள், கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பெயர் கூப்பிடுவார், அதுதான் பெரட்டு. அப்புறம் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, போக வேண்டும். பாட்டி பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அம்மாவோடு போய் மங்கு துடைப்பார். "மங்குன்னா என்ன?" என்று நான் கேட்டேன். "பால் வடியிற கிண்ணம், டீச்சர்." உடனே பின்னாலிருந்து ஒரு பையன், "மலாய்ல மங்கோக் மாதிரியே இருக்கே!" என்றான். அறையே அந்தப் பக்கம் திரும்பியது. பைரம் சொன்ன ஒப்பிட்டுப் பார்க்கும் திறன், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அங்கே நடந்தது. அன்று கரும்பலகையில் பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், லயம், கிராணி என்று ஐந்து சொல் எழுதினோம். றகரம், ரகரம் வேறுபாட்டை "பெரட்டு" என்ற ஒரே சொல்லை வைத்து நடத்தினேன். பாடநூலில் மூன்று முறை நடத்தியும் ஏறாதது அன்று ஏறியது.

விடைபெறும் பாடமும் அப்படியே வந்தது. ஒவ்வொருவரும் வீட்டில் யார் யார் எப்படி விடைபெறுகிறார்கள் என்று கவனித்து வந்தார்கள். "போயிட்டு வரேன்", "வரேன்", "வரட்டா", "கிளம்புறேன்மா". போகிறவர் ஏன் வருகிறேன் என்று சொல்கிறார் என்று கேட்டேன். அந்த ஒன்பது வயதுப் பையன்தான் பதில் சொன்னான்: "அப்பத்தான் பாட்டி பயப்பட மாட்டாங்க." பக்கத்தில் மலாய் வாக்கியத்தையும் எழுதி, அதில் உள்ள பணிவையும் பேசினோம். இரண்டும் மரியாதைதான், இரண்டும் ஒன்று இல்லை என்று பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது.

இந்த வழியின் ஆழமான பலம் வகுப்புக்கு வெளியே இருக்கிறது. ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல், தேயும் மொழிகளை மீட்பது பற்றி எழுதும்போது, பள்ளிக்கூடத்தை மட்டும் நம்பி மொழியைக் காப்பாற்ற முடியாது, மூத்த தலைமுறையிலிருந்து இளைய தலைமுறைக்கு வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் அது கைமாற வேண்டும் என்று அடித்துச் சொன்னார். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982இல் மழலையர் பள்ளிகளைத் தொடங்கியபோது, அந்த மொழி பேசத் தெரிந்த பாட்டி தாத்தாக்களையே உள்ளே கொண்டுவந்தார்கள். எங்கள் தாள் செய்ததும் அதில் ஒரு சிறு துளி. கேள்வி கேட்கப் பிள்ளை பாட்டி பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. எட்டு வாரத்தில் இரண்டு வீடுகளில் பாட்டியே தொலைபேசியில் கூப்பிட்டு, "அடுத்த கேள்வி எப்ப டீச்சர்?" என்று கேட்டார்கள்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. எழுத்து மெதுவாக நகர்கிறது. அந்த எட்டு வாரத்தில் பாடநூல் வழியில் போயிருந்தால் இரண்டு மடங்கு எழுத்துப் பயிற்சி முடிந்திருக்கும். ஆசிரியருக்கு வேலை அதிகம். பிள்ளைகள் என்ன கொண்டுவருவார்கள் என்று தெரியாததால் வெள்ளிக்கிழமை இரவே பாடத்தைத் தயார் செய்து வைக்க முடியாது. வீட்டுக்கு வருகிறேன் என்றால் எல்லாக் குடும்பமும் விரும்புவதில்லை, அதை மதிக்க வேண்டும். சில கதைகள் கனமானவை. ஒரு தாத்தா தோட்டத்தை விட்டு வெளியேறிய கதையைப் பேரனிடம் பாதியில் நிறுத்திக்கொண்டார். பையன் வெறும் தாளோடு வந்தான். "தாத்தாவுக்கு இன்னைக்குப் பேச முடியல" என்று எழுது, அதுவும் ஒரு பதில்தான் என்று சொன்னேன். எழுதினான்.

சரி, யார் எதைத் தேர்ந்தெடுப்பது? பிள்ளைக்குப் பதினொரு வயதுக்கு மேல் ஆகிவிட்டது, தமிழைத் தேர்வுப் பாடமாக எடுக்கப் போகிறது என்றால் பாடநூல்தான், தயங்க வேண்டாம். பேச்சுக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். உங்கள் வட்டாரத்தில் வகுப்பு நடத்த ஆளே இல்லை என்றால் இணைய ஆசிரியரை வையுங்கள். ஆனால் முதல் நாளே அவரிடம் நம் ஊர்ச் சொற்கள் இருபது முப்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளி, தோட்டம், பாசார், காடி, பசியாறல் என்று. அவர் மகிழ்ச்சியாகக் கற்றுக்கொள்வார், பிள்ளையும் கூசாது. விழாவை மட்டும் வைத்து வகுப்பு நடத்துவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிவர அது நல்ல வாசல், அதற்கு மேல் அங்கே தங்கிவிடக் கூடாது.

எங்கள் குழுவில் ஒருமனதாக முடிவு வரவில்லை. இரண்டு பேர் பாடநூல் பக்கமே உறுதியாக நின்றார்கள், அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம். முதல் ஒரு மணி நேரம் வீட்டுத் தாள், முழுக்கப் பேச்சுத் தமிழில். அடுத்த ஐம்பது நிமிடம் அன்று கரும்பலகையில் ஏறிய சொற்களை வைத்தே எழுத்தும் இலக்கணமும். பாடநூலின் வரிசையை ஆசிரியர் கையில் வைத்துக்கொண்டு எது விட்டுப்போகிறது என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பெரிய பிள்ளைகள் நான்கு பேருக்குத் தனியாகப் பாடநூல். விழா வந்தால், அதைக் கொண்டாடும் வீட்டுப் பிள்ளையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும், நோன்புக் கஞ்சி உட்பட.

மீதி இருந்தது ஒரே பிரச்சினை. ஐந்து பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்க வீட்டில் மூத்தவர் யாரும் இல்லை. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் பூக் கட்ட மூன்று அம்மாக்கள் வருவார்கள். பூக்கூடையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே கட்டுவார்கள், அந்தப் பேச்சு எங்கள் அறைவரை கேட்கும். போன வாரம் போய் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். நார் பிடித்த கையை நிறுத்தாமலே கேட்டார்கள். மூத்தவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "வரட்டும், உக்காரட்டும். எவ்வளவு வேணா கேக்கட்டும். ஆனா ஆன்ட்டின்னு கூப்பிடக் கூடாது டீச்சர். அம்மாச்சின்னு கூப்பிடச் சொல்லுங்க" என்றார்.